இந்த வருசத்துக்குக் கடல் வந்துபோய்விட்டது

அன்வர்,

இதை நீ வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சாமான் ஏற்ற வண்டி வருகிறது என்று நூர்ஜஹான் சொன்னாள். தாயில்பட்டிப் பக்கம் நீ போர்மேனாக இருக்கும் பட்டாசு பயர் ஆபீசின் வேலியோரத்தில் கம்பெனி ஒரு வீடு கொடுத்திருக்கிறது; மனைவி நூர்ஜஹானையும் மகள் ஆயிஷாவையும் கூட்டிக்கொண்டு நீ அங்கே குடிபோகிறாய். போகாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், அந்த நேரத்தில் மறுபுறம் யாருக்கோ லோடு ஏற்றக் கை காட்டிக்கொண்டிருப்பாய். கல்லூரியில் வரலாறு நடத்தியே வயதானவள் நான். கவனிக்காதவர்களிடம் பேசுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் அப்படிப் பேசி முடிக்க எனக்கு விருப்பமில்லை. நீ படித்த பிறகு இதை வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. உன்னைப் போல் வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

போன வாரம் நூர்ஜஹான் விருதுநகருக்கு என்னைப் பார்க்க வந்தபோது ஒரு டப்பாவில் கேசரி கொண்டு வந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். பயர் ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்றாள். தீபாவளி சீசன் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் முதலாளிக்கு எதற்கு இனிப்புக் கொடுக்கத் தோன்றியது என்று மேலும் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆயிஷாவின் பின்னலைச் சரிசெய்யத் தொடங்கினாள். பிறகு மெதுவாக வந்தது. மருந்து கலக்கும் அறை ஒன்றில் தீப் பற்றியிருக்கிறது. வேலையிலிருந்த ஒரு பெண்ணுக்கு முன்கையில் காயம். நீயே ஓடிப்போய் மணலை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறாய். மறுநாள் முதலாளி கேசரி கிண்டச் சொல்லி எல்லா அறைக்கும் அனுப்பியிருக்கிறார். இவ்வளவு நடந்ததையும் நீ என்னிடம் சொல்லவில்லை. ஒரு டப்பா கேசரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ சிரித்தாய்.

"அதுக்குள்ள நூரு சொல்லிட்டாளா? ஒண்ணுமில்லம்மா, சின்னதா ஒரு புகைச்சல். பெருசா வர இருந்தது சின்னதாப் போச்சு. அங்கன எல்லாரும் நிம்மதியா இருக்காக. இந்த சீசனுக்கு இதோட கழிஞ்சதுன்னு அர்த்தம்."

ஏன் பற்றியது என்று கேட்டேன். தெரியவில்லை என்றாய். வெயிலாக இருக்கலாம், உராய்வாக இருக்கலாம், முந்தின நாள் கலவை மிஞ்சியிருக்கலாம் என்றாய். பி.எஸ்ஸி. வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவன் நீ. ஏன் பற்றியது என்று தெரியாத ஒரு தீயை எந்தக் கணக்கில் முடிந்துபோனதாக எழுதினாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "இந்த சீசனுக்கு இதோட கழிஞ்சது" என்று நீ சொன்ன தொனி எனக்கு மிகவும் பழக்கமான தொனி. அதை நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வேறொரு ஆணின் வாயிலிருந்து, கடற்கரையில் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். என்னைப் பெற்ற அத்தா தனுஷ்கோடி ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். உன் நன்னியான என் அம்மாவும் என் தம்பியும் புயலில் போனார்கள் என்பதும் தெரியும். அது எப்படி நடந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நம் வீட்டில் அது சுவரில் மாட்டிய படம் போல யாரும் நிமிர்ந்து பார்க்காத இடத்தில் இருந்துவிட்டது.

அந்த ஸ்டேஷனைப் பற்றி எம்.ஏ. படிப்பின்போது ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அதில் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஊருக்காக அந்த ஸ்டேஷன் கட்டப்படவில்லை. ஸ்டேஷனுக்காகத்தான் அந்த ஊர் வந்தது. அக்கரையில் வெள்ளைக்காரர்களின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, இக்கரையில் பசித்த ஆட்கள் இருந்தார்கள், நடுவே குறுகிய கடல் இருந்தது. ஆகவே ராமேஸ்வரம் தீவின் வால் போல நீண்டு கிடந்த மணல்திட்டின் மேல் தண்டவாளம் போட்டுக் கப்பல் நிற்கும் மேடை வரை ரயிலைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மெட்ராசில் ஏறியவன் அதே டிக்கெட்டில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்பு வரை போகலாம். நம் ஊர் வத்தல் வியாபாரிகளும் மல்லி வியாபாரிகளும் மாதிரிப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியில் போனார்கள். உன் அத்தாவைப் பெற்றவரும் அப்படிப் போனவர்தான். ரயில் வந்ததால் தபால் ஆபீஸ் வந்தது, சுங்க அலுவலகம் வந்தது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், சின்னதாக ஒரு பள்ளிவாசல், எங்களைப் போன்றவர்கள் குடியிருக்க வரிசையாகக் குவார்ட்டர்ஸ் எல்லாம் வந்தன. இரண்டு பக்கமும் கடல். குடிக்கிற தண்ணீரை ரயில் கொண்டுவந்தது. கடல் எந்தப் பக்கம் இருந்து எவ்வளவு தூரம் ஏறி வரும் என்று யாரும் கேட்டதாக என் ஆய்வில் எங்கும் தென்படவில்லை. பிறகு இலங்கை தனி நாடானது, கூலிகளாகப் போனவர்களைக் குடிகளாக ஏற்க மறுத்தது, பாஸ்போர்ட் வந்தது, கப்பல் ஏறும் கூட்டம் மெலிந்தது. புயல் வருவதற்கு முன்பே அந்த ஸ்டேஷன் தன் காரணத்தை இழந்துகொண்டிருந்தது. இதை எழுதியதற்கு எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. உன் நன்னியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இனி அந்தக் கட்டுரையில் எழுதாததைச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் வாடைக் காலத்தில் ஒரு நாள் கடல் குவார்ட்டர்ஸ் வரை ஏறி வரும். வாசல்படியைத் தொடும், சில வருடம் முற்றத்துக்குள் கணுக்கால் அளவு நிற்கும், பிறகு போய்விடும். அதற்குப் பயப்பட எங்கள் காலனியில் யாருக்கும் தெரியாது. பாயைச் சுருட்டிக் கட்டிலில் வைப்பார்கள், அரிசிப் பானையை உயரத்தில் ஏற்றுவார்கள், பிள்ளைகள் தண்ணீரில் குதித்து அடி வாங்குவார்கள். பக்கத்து வீட்டில் பிலோமினா என்றொரு அக்கா இருந்தார், தண்டவாளம் செப்பனிடும் கேங்மேன் ஒருவரின் மனைவி. ஒரு வருடம் தண்ணீர் எங்கள் படியோடு நின்று திரும்பிப் போனபோது என் அம்மாவிடம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "என்னக்கா, கடலு உங்க வாசலோட நின்னுட்டுப் போயிருச்சு, எங்க வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. குமாஸ்தா வீடு எது, கூலிக்காரன் வீடு எதுன்னு அதுக்கும் தெரியுது." என் அம்மா சிரித்துக்கொண்டே, அடுத்த தடவை அங்கே அனுப்பி வைக்கிறேன், நீயே வைத்துக்கொள் என்றார்.

கடல் வந்து திரும்பிய மறுநாள் காலனிப் பெண்கள் சேர்ந்து பாச்சோறு பொங்குவார்கள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் போட்ட சோறு. எங்கள் வீட்டில் பாத்திஹா ஓதுவார்கள், பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொள்வார், மற்றவர்கள் விளக்கு ஏற்றுவார்கள், பானை மட்டும் எல்லாருக்கும் ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். இந்த வருசத்துக்குக் கடல் வந்துபோய்விட்டது, இனி அடுத்த வருசந்தான். கடல் வருடத்துக்கு ஒரு முறை வருவதாக யாரிடமோ எழுதிக் கொடுத்திருப்பது போன்ற நிச்சயத்தோடு சொல்வார்கள். அத்தனை வருடமும் அது அப்படியே நடந்தது என்பதுதான் அதிலுள்ள கொடுமை. ஒரு முறை பொய்த்திருந்தாலும் அவர்கள் விழித்திருப்பார்கள்.

அந்த வருடமும் கடல் வந்தது, மார்கழி பிறந்த புதிதில். எங்கள் வாசலைத் தொட்டுவிட்டுப் போனது. பாச்சோறு பொங்கினார்கள். அதற்குச் சில நாள் கழித்து விருதுநகரில் பெரியத்தாவின் மகளுக்கு நிக்காஹ். பள்ளிக்கூடம் விடுமுறை. அத்தா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தம்பிக்கு அம்மை போட்டிருந்தது, கல்யாண வீட்டுக்கு அம்மைப் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது, ஆகவே அம்மா தங்கிவிடுவது என்று முதலில் இருவருமாகத்தான் முடிவு செய்தார்கள். கிளம்பும் நாள் காலையில் அம்மாவுக்கு மனம் மாறியது. காற்று சரியில்லை என்றார். கல்யாண வீட்டுக்கு வரவில்லை, மதுரையில் தன் தங்கை வீட்டில் பிள்ளையோடு இறங்கிக்கொள்கிறேன் என்றார். நான் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

"எங்களையும் கூட்டிட்டுப் போயிருங்களேன். காத்து ஒரு மாதிரியா அடிக்குது."

"கடல்தான் வந்துட்டுப் போயிருச்சே. பாச்சோறும் பொங்கித் தின்னாச்சு. இனி என்னத்துக்குப் பயம்? நாலு நாள்ல வந்துருவேன்."

அம்மா மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நான் எத்தனையோ முறை அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். அத்தாமேல் கோபப்படுவதைவிட அது சுலபமாக இருந்தது. அத்தா முரடரில்லை, கஞ்சரில்லை, மனைவியை அலட்சியம் செய்தவரும் இல்லை. தம்பியின் உடம்பில் வேப்பிலையால் வருடிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காரக்கூடியவர். அவர் ஊரில் எல்லாரும் நம்பிய ஒன்றை நம்பினார். பாச்சோறு பொங்காத வருடமாக இருந்திருந்தால் அவர் அம்மாவைக் கூட்டி வந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடல் வராமலே இருந்திருந்தால், இன்னும் வரவில்லையே என்ற எண்ணத்தில் கூட்டி வந்திருப்பார். சின்னதாக வந்து போனதுதான் அவர் கையைக் கட்டிப் போட்டது.

நிக்காஹ் முடிந்த மறுநாள். பெரியத்தா வீட்டில் நெய்ச்சோற்றுத் தேக்சாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அத்தாவுக்குத் தெரிந்த ரயில்வே ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து அவரை வாசலுக்குக் கூப்பிட்டார். பாம்பனுக்கு அந்தப் பக்கமிருந்து தந்தி பேசவில்லை, விடியற்காலையிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பதிலே இல்லை என்றார். அத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காத்துல கம்பி அத்திருக்கும். வருசா வருசம் அறுறதுதானப்பா" என்றார். அந்த ஆளை உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். தானும் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுசோறு வாங்கிக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா நிம்மதியாகச் சாப்பிட்டதை நான் பார்த்த கடைசிச் சாப்பாடு அது.

பிறகு நடந்தவை நாடறிந்தவை. பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயில் ஸ்டேஷனை நெருங்கும் தறுவாயில் கடலுக்குள் போனது. ஊர் போனது. பாம்பன் பாலம் உடைந்தது. அத்தா பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் ஸ்டேஷன் வரை போய், அதற்கு மேல் போக வழியில்லாமல் இக்கரையில் உட்கார்ந்திருந்தார். படகில் மீண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் குவார்ட்டர்ஸ் வரிசையைப் பற்றிக் கேட்டார். எந்த வரிசை என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். அம்மாவும் தம்பியும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்த கபுரு என்று ஒன்றும் இல்லை. பிலோமினா அக்காவின் வீட்டிலும் யாரும் மிஞ்சவில்லை. அந்த முறை கடல் வீடு பார்த்து வரவில்லை.

மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. பாலத்தைச் சீக்கிரமே செப்பனிட்டுவிட்டார்கள். ராமேஸ்வரம் வரை ரயில் ஓடியது. அதற்குப் பிறகான தண்டவாளத்தை மணல் மூடியது. அத்தாவை விருதுநகர் சரக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே அவர் வேலை பார்த்த காலமெல்லாம், தாம் தற்காலிகமாக வந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். லைனைத் திரும்பப் போடப் போகிறார்கள் என்று சில வருடத்துக்கு ஒரு முறை செய்தி வரும். உடனே மேலதிகாரியைப் பார்த்து, போட்டால் தம்மைத்தான் அங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டு வருவார். இல்லாத ஸ்டேஷனுக்கு இடமாற்றம் கேட்ட ஒரே ஊழியர் அவராகத்தான் இருப்பார். கொட்டகையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "பாய், தனுஷ்கோடிக்கு இன்னைக்கு எத்தனை மூடை?" என்று கேட்பார்களாம். அவரும் ஏதாவது எண்ணைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாராம். அவர் ஓய்வு பெற்றார், மவுத்தானார், லைன் வரவில்லை. இப்போதும் செய்தி வருகிறது. பாம்பனில் புதுப் பாலம் வந்துவிட்டது, முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள், ஆகவே ரயிலும் வரும் என்கிறார்கள். வரட்டும். வந்தால் மறுபடி யாராவது குடிபோவார்கள், அவர்களும் ஏதாவது பொங்குவார்கள்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது உன்னை அங்கே கூட்டிப் போனேன். தார்ச்சாலை போடாத காலம். மணலில் போகும் வேனில் இருவரும் இடுப்பு நோகப் போனோம். ஸ்டேஷனில் நின்றிருந்த சுவர்த் துண்டுகளைச் சுற்றி நீ நடந்தாய். சோழி மாலை விற்றவளிடம் பேரம் பேசினாய், பொரித்த மீன் வாங்கித் தின்றாய், கையைக் கழுவக் கடல் வரை போனவன் போன வேகத்திலேயே திரும்பி வந்து என்னைப் பார்த்தாய். "இம்புட்டுப் பக்கத்துலயா குடியிருந்தாக? கிறுக்குப் பிடிச்சவகளாம்மா?" என்றாய். வெயில் அதிகமாக இருக்கிறது, போகலாம் என்றேன். அப்போதே பாச்சோற்றைப் பற்றிச் சொல்லியிருந்தால் இப்போது உன் தொண்டையில் கேசரி இறங்கியிருக்காது என்று நான் கற்பனை செய்வதில்லை. இறங்கியிருக்கும். வரலாறு தெரிந்ததால் யாரும் எதையும் நிறுத்தியதாக நான் பாடம் நடத்திய எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உன் நியாயங்கள் எனக்குத் தெரியும். சிவகாசியிலிருந்து தினமும் பைக்கில் போய்வருவது உடம்பை வாங்குகிறது. விடியும் முன்னே ஆபீசைத் திறக்கப் போர்மேன் பக்கத்தில் இருக்க வேண்டும். வீடு வேலிக்கு வெளியேதான், சட்டம் சொல்கிற தூரத்துக்கு அப்பால்தான், நீயே அளந்து பார்த்தாய். கிணறு இருக்கிறது, வேம்பு இருக்கிறது, பள்ளிக்கூட வேன் வாசலுக்கு வரும். எல்லாம் சரி. எங்கள் குவார்ட்டர்சும் சட்டப்படி கட்டப்பட்டதுதான். போன ரம்ஜான் நோன்புக் காலத்தில் நூர்ஜஹானின் அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு மதியம் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. தெரு முழுவதும் மொட்டைமாடிக்கு ஏறியது. நாரணாபுரம் பக்கமா, வேறு பக்கமா என்று புகையைத் தேடினார்கள். பிறகு ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். "எடுத்துட்டான்" என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு குரல் வந்தது. எடுத்தவன் வீட்டுக்காரர்கள் இறங்கிப்போய் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். நூர்ஜஹானும் உன்னைக் கூப்பிட்டாள், நீ எடுத்தாய், அவளும் இறங்கிப்போய் நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கினாள். மாடியில் கடைசி வரை நின்ற ஒரு பெண்ணை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் யார் என்று எனக்குத் தெரியாது. கீழே வந்து கேட்கத் துணிவு வரவில்லை.

அந்த வேலையை விட்டுவிடு என்று நான் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேன். என்னிடம் படித்த ஒருத்தி வழியாக ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இடம் கேட்டு வைத்தபோது, சோதனைக்குழாய் கழுவச் சொல்கிறீர்களா என்று சிரித்தாய். அதோடு விட்டேன். நீ வளர்ந்த ஆள், உன் உயிர் உன்னுடையது. அந்த அறைகளில் உட்கார்ந்து மருந்து அடைக்கும் பெண்களின் உயிர் உன்னுடையது இல்லை என்பதை மட்டும் நினைவில் வை. அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தும் அதிகாரம் போர்மேனுக்கு உண்டு. அந்தத் தீ ஏன் பற்றியது என்று தெரியும் வரை நீ சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. கேசரி கொடுத்தார்கள், எல்லாரும் தின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள், நீயும் போனாய். சீசனில் ஒரு நாள் நிறுத்தினால் முதலாளி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆர்டர் போகும், உன் வேலை போகும், வேறொருவன் வந்து திறப்பான். நீ சாத்துவதால் ஒன்றும் மாறாது என்பாய். உண்மையாக இருக்கலாம். எனக்கு உன்னோடு வாதாடத் தெம்பில்லை.

நேற்று நீ போனில் ஒரு சமரசம் சொன்னாய். "ஒங்களுக்கு அம்புட்டுப் பயமா இருந்தா ஆயிஷாவ மட்டும் ஒங்ககிட்ட விட்டுட்டுப் போறோம்மா. ஸ்கூலும் பக்கம். ஒங்களுக்கும் தொணையா இருக்கும்" என்றாய். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாய். ஒரு நிமிடம் பட்டேன், அதை ஒளிக்கவில்லை. பிறகு போனை வைத்துவிட்டேன். லைன் கட்டானதாக நீ நினைத்திருப்பாய்.

நான் அப்படி விடப்பட்ட பிள்ளை, அன்வர். என்னைக் கரையில் விட்டதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கல்யாணத்துக்குப் போட ஒரு பாவாடை இருந்தது, உடம்பில் அம்மை இல்லை, அவ்வளவுதான். பெரியத்தா வீட்டில் என்னை நன்றாகத்தான் வளர்த்தார்கள். வந்தவர் போனவர் எல்லாரும் என் தலையில் கைவைத்து, நீ பிழைத்தது அல்லாவுடைய கருணை என்றார்கள். அந்தக் கருணை என் அம்மாவுக்கும் தம்பிக்கும் ஏன் போதவில்லை என்று கேட்டால் வாயைப் பொத்துவார்கள். அத்தா தினமும் சாயங்காலம் வந்து என் எதிரே உட்காருவார். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கூட வராத இருவரைப் பார்ப்பது எனக்குத் தெரியும். ஒரு நாளும் அவர் என்னைக் கொஞ்சவில்லை. நான் நன்றாகப் படித்தேன், பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், உன்னைப் பெற்றேன், எல்லாவற்றையும் ஒரு மீதியாகவே செய்தேன். அப்படி ஒரு மீதியை என் வீட்டில் வைத்துச் சோறூட்டி, அவள் ஜன்னலில் நின்று சாலையைப் பார்ப்பதைப் பார்க்க என்னால் முடியாது. ஆயிஷாவை என்னிடம் விடாதே. விட்டால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் அவள் உன்னோடும் நூர்ஜஹானோடும் வேலியோர வீட்டுக்குத்தான் போகிறாள். என் வாயாலேயே அதைச் சொல்லிவிட்டேன். இதை எழுதத் தொடங்கியபோது உங்கள் மூவரையும் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இத்தனை பக்கம் எழுதிய பிறகு, யாரையும் தடுக்கும் சொல் ஒன்றும் என்னிடம் இல்லை என்று தெரிகிறது. என் அம்மாவிடமும் இருக்கவில்லை.

ஆகவே நானும் வருகிறேன். வெள்ளிக்கிழமை வண்டி சிவகாசியில் ஏற்றி முடித்ததும் விருதுநகருக்கு வரச் சொல். அந்த வீட்டில் பின்னால் ஒரு சின்ன அறை இருப்பதாக நூர்ஜஹான் சொன்னாள், எனக்கு அது போதும். உங்களைக் காப்பாற்ற வருவதாக நினைத்துக்கொள்ளாதே. மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் கிழவி யாரையும் எதிலிருந்தும் காப்பாற்ற முடியாது. சைக்கிளில் யாரோ வந்து வாசலில் நின்று சொல்லக் கேட்கும் வீட்டில் நான் ஒரு முறை இருந்துவிட்டேன். இன்னொரு முறை இருக்க மாட்டேன். அதற்கு மேல் இதில் எந்தத் தியாகமும் இல்லை.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். ஆனால் ஏன் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். இந்த வயதில் அங்கே வந்து இருப்பது எனக்கு ஆபத்து என்று நீ உன் வாயால் சொன்னால், அந்த நிமிடமே நான் வாதத்தை ஜெயித்துவிடுவேன், நீங்கள் யாரும் போக வேண்டியிருக்காது. இங்கே எழுத்தை நிறுத்தி, அதை நீ சொல்வாயா என்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். உன்னை எனக்குத் தெரியும். "வாங்கம்மா, எடம் நெறையாக் கெடக்கு" என்றுதான் சொல்வாய். காலையிலிருந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா